தாராவிக் கழியில் ஒரு ரோஸ் பறவை

அறுபதுகளில் பம்பாயில் பறவை பார்க்கும் பைத்தியம் பிடித்த சிலரில் நானும் ஒருவன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் நான் சொல்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு மார்ச் மாதக் காலையில், தாராவியை ஒட்டிய கழிச் சேற்றில், ரோஸ் நிறத்தில் ஒரு பறவை நின்றது. பூநாரை என்றால் கால் நீளமாக இருக்கும். இது குட்டை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாட்டுங்காவுக்கு ஓடி, குழுவில் மூத்தவரான ராமசேஷன் சாரைக் கையோடு அழைத்துவந்தேன். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்.

பைனாகுலரை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அப்போது புதருக்குப் பின்னாலிருந்து ஓர் எருமை எழுந்து வந்தது. கொம்பு, முதுகு எல்லாம் அதே ரோஸ். பறவை ஓடிப்போய் அதன் காலடியில் பூச்சி பொறுக்கியது. வெறும் உண்ணிக்கொக்கு. முந்தின நாள் ஹோலி. தபேலா என்கிற எருமைக் கொட்டில்களில் வேலை செய்பவர்கள் மாட்டுக்கு ஊற்றிய சாயம் கொக்கின் மேலும் விழுந்திருக்கிறது.

எங்கள் தமிழ் வீடுகளில் ஹோலி ஆடுவதில்லை. அன்றைக்குக் கதவைத் தாழிட்டு உள்ளேயே இருந்துவிடுவோம். அதனால் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

"மன்னிச்சுக்கோங்கோ சார். உங்க லீவும் வீணாப் போச்சு" என்றேன்.

"எதுக்கு மன்னிப்பு? எத்தனையோ வருஷமாப் பாக்கறேன். இப்படி ஒண்ணை நானும் பாத்ததில்லையே" என்றார் அவர், பைனாகுலரை இறக்காமலே.

அடுத்த ஹோலியன்று நான் கதவைத் தாழிடவில்லை.