அக்காவின் நடையில் ஒரு கதை

பெரம்பலூரில் எங்கள் வாசகர் வட்டம் அறிவியல், மாயக் கதைகளுக்குப் போட்டி ஒன்று வைத்தது. மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி. எழுதியவர் பெயரை எடுத்துவிட்டுத்தான் கதைகளைத் தந்தார்கள். ஆனாலும் எங்கள் வட்டத்து ஆட்களை எனக்கு நாலு வரியிலேயே தெரிந்துவிடும். ஒருவர் புவியீர்ப்பை விளக்கி முடிக்காமல் யாரையும் பேசவிட மாட்டார். இன்னொருவருடைய பூதங்கள் மேடைத் தமிழ்தான் பேசும்.

ஒரு கதையில் 'இயந்திரம் வந்தார், சாப்பிட்டீர்களா என்று கேட்டார்' என்றிருந்தது. என் அக்காவின் நடை. அவள் கதைகளில் மனிதர்கள் அவன், இவன். இயந்திரங்களுக்கு மட்டும் மரியாதை. அக்காவும் கலந்துகொண்டாளா என்று சிரித்துக்கொண்டே படித்தேன்.

தண்ணீரில்லாத ஒரு கிரகத்தில் தனியாக ஒரு காவலாள், துணைக்கு இயந்திரங்கள்தான். தன் அறைக்கு வரும் காற்றை யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருகிறான். கடைசி வரியில் விளக்கையும் அணைத்துவிடுகிறான்.

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. போன வாரம் பேசும்போது அவள் குரல் எப்படி இருந்தது என்று யோசித்தால் எதுவுமே நினைவுக்கு வரவில்லை.

கதவைத் திறந்தது அக்காதான். கையில் இட்லி மாவு.

"என்னடி, ஸ்கூல் இல்லையா?"

"ஏன் போன எடுக்கல?"

"சார்ஜ்ல கெடக்கு. ஏன் இப்படி வேர்த்து வந்துருக்க?"

கதையைப் பற்றிக் கேட்டேன்.

"நான் பேனாவத் தொட்டே ரெண்டு வருஷம் ஆச்சு. போட்டிக்கெல்லாம் ஒண்ணும் அனுப்பல," என்றாள்.

நம்பாமல் போனிலிருந்து முதல் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். இயந்திரம் வந்தார் என்ற இடத்தில் சிரித்தவள், காவலாள் காற்றைக் குறைக்கத் தொடங்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். உள்ளறைப் பக்கம் பார்த்தாள். சிமெண்ட் ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து வந்து மாமா அங்கே தூங்கிக்கொண்டிருந்தார்.

"என் கதையெல்லாம் கல்யாணமானதுலேருந்து அவருதான டைப் பண்ணித் தருவாரு," என்றாள் மெதுவாக. பிறகு, "சரியாவே சாப்புட மாட்டேங்கறாரு. ஷிப்ட் அலுப்புன்னு நெனச்சேன்டி."

அவர் எழுந்து வரும்வரை நாங்கள் இருவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தோம். உள்ளே கட்டில் கிரீச்சிட்டபோதெல்லாம் எனக்குத் திக்கென்றது.

காபியைக் கொடுத்துவிட்டு அக்கா கேட்டாள். "போட்டிக்குக் கதை அனுப்புனீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். "நல்லாருக்காம்மா?"

"கதை கெடக்கட்டும். அந்த ஆளு ஏன் யாருகிட்டயும் சொல்லல?" என்றாள் அக்கா.

டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "சொன்னா நீ பயந்துருவ."

"இப்ப பயப்படாமயா ஒக்காந்துருக்கேன்?"

டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார். "தூக்கமே வரல. கண்ண மூடிக்கிட்டு சும்மா படுத்துருக்கேன். வேலைக்குக் கெளம்புறப்பல்லாம், வூட்டுக்குத் திரும்பி வரணுமான்னு தோணுது."

அக்கா அழவில்லை. அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு வேலைக்கு அனுப்பவில்லை. மறுநாள் காலை மூவருமாகத் திருச்சிக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்த்தோம்.

எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும் என்று சொல்லி, அந்தக் கதைக்கு மதிப்பெண் போடாமல் ஒதுங்கிக்கொண்டேன். பரிசு கிடைக்கவில்லை. முடிவு ரொம்ப இருட்டாக இருக்கிறது என்றார்கள் மற்ற இருவரும்.

மாமா மாத்திரை சாப்பிடுகிறார். பகல் ஷிப்டுக்கு மாற்றிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது நன்றாகத் தூங்குகிறார் என்கிறாள் அக்கா. ஆனாலும் வகுப்பு நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தால், எடுத்து அவள் பேசத் தொடங்கும்வரை எனக்குப் படபடப்பாகத்தான் இருக்கிறது.