செட் என்ற பிறகு

என் மகள் ஓடத் தொடங்கிய புதிதில் எனக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான். முதலில் போய்ச் சேர்கிறவள் ஜெயித்தவள். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? நாள் முழுக்க மெடிக்கல் கடையில் நின்றுகொண்டே மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஏது பொறுமை? மைதானம் என் வீட்டுக்காரர் பொறுப்பு. முதலியார்பேட்டையிலிருந்து லாஸ்பேட்டை மைதானத்துக்கு விடியும் முன்னே அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போவார். திரும்பி வந்து குளித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவார்.

ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் அவர் கட்டைவிரலால் அவள் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டு அனுப்புவார். எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளை பரீட்சைக்குப் போனாலும் ஊருக்குப் போனாலும் இது வழக்கம்தான். ஆனால் அது இல்லாமல் அவள் ஓடிப் பார்த்ததே இல்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அவர் ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் கேட்டேன். அவரை மட்டும் விட்டுவிடு, வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று கேட்டேன். கிடைக்கவில்லை. கல்லறையில் சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் எல்லோரும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். என் கை எழும்பவில்லை. அதன்பின் கோயில் பக்கமும் போகவில்லை.

"பூசைக்கு வாம்மா" என்று ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிடுவாள்.

"நீ போயிட்டு வா. நான் கூப்பிட்டப்ப ஆண்டவரு வந்தாரா? இப்ப நான் மட்டும் எதுக்குப் போவணும்?" என்பேன். அவள் முக்காடு துணியை எடுத்துக்கொண்டு தனியாகப் போவாள்.

மைதானத்துக்கு மட்டும் அவளைத் தனியாக விட மனசு வரவில்லை. அவருடைய ஸ்கூட்டரை நான் எடுத்தேன். சட்டங்களை அப்போதுதான் தெரிந்துகொண்டேன், அதுவும் அவள் வாயால், ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால். நூறு மீட்டரில் அவரவர் கோட்டுக்குள்ளேதான் ஓட வேண்டும். முடிவுக்கோட்டில் கையை நீட்டினாலும் தலையை நீட்டினாலும் செல்லாது, நெஞ்சுதான் கணக்கு. நீளம் தாண்டுகிறவர்கள் பலகையைத் தாண்டி நுனிக்கால் வைத்தாலே அந்தத் தாண்டல் போச்சு. "இவ்ளோ கறாரா?" என்று கேட்டால், "பின்ன? இஷ்டத்துக்கு ஓட இது என்ன பீச் ரோடா?" என்பாள்.

ஒரு சட்டத்தை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்கே தோன்றியிருக்காது.

அவர் போன பிறகு நடந்த முதல் பெரிய போட்டி அது. வேலி ஓரம் நின்றேன். எட்டுப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். 'ஆன் யுவர் மார்க்ஸ்' என்றதும் குனிந்து, காலை உதைத்துக் கிளம்பும் பிளாக்கில் பொருத்தி, விரல்களைக் கோட்டுக்குப் பின்னால் ஊன்றினார்கள். அடுத்து 'செட்' என்றார் துப்பாக்கி வைத்திருந்தவர். எல்லோருடைய இடுப்பும் உயர்ந்தது. அந்த நொடியில் என் மகளின் வலது கை தரையை விட்டு எழுந்து நெற்றிக்குப் போனது.

விசில் ஊதிவிட்டார்கள். ஒரு நடுவர் அம்மாள் நேராக அவள் முன்னால் வந்து சிவப்பும் கறுப்புமாக ஒரு அட்டையைக் காட்டினார். என் மகள் தலையைக் குனிந்தபடி பாதையை விட்டு வெளியே நடந்தாள். மற்ற ஏழு பேரும் அவள் இல்லாமலே ஓடினார்கள்.

எனக்கு வந்ததே கோபம். வேலியைச் சுற்றிக்கொண்டு போய்த் துப்பாக்கிக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சார், சாமி கும்பிட்டதுக்கா புள்ளைய வெளிய அனுப்புவீங்க? அப்பா இல்லாத பொண்ணு சார் அது."

அவர் குரலை உயர்த்தவில்லை. "கும்பிட்டதுக்கு இல்லம்மா. செட்டுன்னு சொல்லிட்டா அசையாம இருக்கணும். கை தரையை விட்டு எழும்பிடுச்சு. ஒரு தடவ தப்பு பண்ணாலே அவுட்டு. எம் பொண்ணா இருந்தாலும் இதுதான்."

நியாயத்தைச் சொன்ன ஆளிடம் எவ்வளவு நேரம் சண்டை போடுவது? மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதாள். நூறடி ரோடு தாண்டும்போதுதான் பேசினாள்.

"முன்னாடியே சிலுவ போட்டுக்கலாம்னுதாம்மா இருந்தேன். குனிஞ்சதும் அப்பா ஞாபகம் வந்துடுச்சு. அப்புறம் செட்டுன்னுட்டாங்க. போடாம எப்பிடி ஓடறதுன்னு கை தானா போயிடுச்சு."

என் வீட்டுக்காரரை நினைத்துக் கோபம் வந்தது. அவரை எடுத்துக்கொண்டவர்மேல் அதைவிடக் கோபம் வந்தது. இருந்த மனுசனையும் வாங்கிக்கொண்டு, அவர் விட்டுப்போன ஒரு பழக்கத்தால் பிள்ளையின் ஓட்டத்தையும் பறித்துக்கொள்ள வேண்டுமா?

நாலு நாள் கழித்து, வெளியூர்ப் போட்டிக்குப் போகும் அணிக்கான தேர்வை அறிவித்தார்கள். நூறு மீட்டரில் முதல் இரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். கல்லூரி சேருகிற வயசு, இந்த வாய்ப்பு போனால் அடுத்தது எப்போது என்று தெரியாது. நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன்.

"பேசாம நீளம் தாண்டப் போயேன். பேரக் கூப்பிட்டப்புறம் ஒரு நிமிசம் டைம் தர்றாங்கன்னு நீதான சொன்ன. நிதானமா போட்டுக்கிட்டு ஓடலாம்."

"எனக்கு ஓட்டம்தாம்மா வரும்." தட்டில் இருந்த சோற்றை விரலால் அளைந்தாள். "நான் கைய எடுக்கல. கீழயே வெச்சுக்கறேன். எனக்குப் பதிலா நீ போடு."

"நானா?"

"உன்ன யாரும்மா அவுட்டாக்கப் போறாங்க? வேலிக்கு வெளிய இருந்து போடு. நீ போடுவன்னு தெரிஞ்சா என் கை சும்மா இருக்கும்."

நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

தேர்வு அன்று புறப்படும் இடத்துக்கு நேராக, வேலி ஓரம் நின்றேன். அதே துப்பாக்கிக்காரர். 'ஆன் யுவர் மார்க்ஸ்' என்றார். அவள் குனிந்து விரல்களை ஊன்றினாள். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று வைராக்கியமாக இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தரையில் ஊன்றியிருந்த அவள் வலது கையையே பார்த்தேன். போடு, போடு என்று எனக்கு நானே சொன்னேன். கை கம்பியைப் பிடித்தபடியே இருந்தது. கல்லறையில் எழும்பாத கை.

"செட்."

இடுப்பு உயர்ந்தது. அவள் கை தரையிலேயே இருந்தது, அசையவில்லை. என் கை எழுந்தது. கட்டைவிரலால் காற்றில், அவள் இருந்த திசையில், அவர் போடுகிற மாதிரியே சின்னதாகப் போட்டேன். அதே நொடி துப்பாக்கி வெடித்தது.

ஓட்டத்தை நான் பார்க்கவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது. முடிவுக்கோட்டில் எடுத்த படத்தை வைத்துப் பார்த்து முடிவு சொல்ல நேரமானது. பக்கத்துக் கோட்டுப் பெண்ணின் தலை முந்தியிருந்தது, நெஞ்சு என் மகளுடையது முந்தியிருந்ததாம். இரண்டாவது இடம்.

அவள் மூச்சு வாங்க வேலிக்கு வந்தாள். அணியில் எடுத்துவிட்டதைக்கூடச் சொல்லவில்லை.

"போட்டியாம்மா?"

"போட்டேன்."

"எப்ப?"

மறைக்க மனசு வரவில்லை. "செட்டுன்னு சொன்னப்புறம்."

என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அப்ப நீ அவுட்டும்மா."

அவர் போன பிறகு அன்றைக்குத்தான் நான் சிரித்தேன், அழுதுகொண்டே. அவள் நெற்றியைக் கம்பி வேலியில் சாய்த்தாள். வியர்வையில் முடி ஒட்டியிருந்தது. கம்பிக்கு நடுவே கட்டைவிரலை நுழைத்து, இன்னொரு முறை ஒழுங்காகப் போட்டேன்.