போயிட்டு வரேன்

கல்லூரியில் என் மகளுக்கு ஒரு தமிழ்ச் சிறுகதையை ஆங்கில மொழிபெயர்ப்பில் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். மராத்தி பேசும் ஊரான சாங்வியில் பிறந்து வளர்ந்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். என்னிடம் வந்து கேட்பாள் என்று நானும் அசட்டுத்தனமாகக் காத்திருந்தேன்.

கதை சின்னதுதான். வேலை தேடிக் கிளம்பும் கணவன் வாசலில் மனைவியிடம் "போயிட்டு வரேன்" என்கிறான். அப்புறம் வரவே இல்லை.

கட்டுரையின் வாதம் முழுவதையும் முதலில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டுமாம். தீசிஸ் ஸ்டேட்மென்ட். "இது பிரிவைப் பற்றிய கதை" என்று எழுதிக்கொண்டு போனாள். இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று பேராசிரியை திருப்பி அனுப்பிவிட்டார். உட்கார்ந்து கூர்தீட்டினாள்: "திரும்பி வருவேன் என்ற பொய்யால் கணவன் மனைவியைக் காலம் முழுக்கக் கட்டிப்போடுகிறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது பொய்யில்லடி. நம்மள்ல யாரும் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்ப மாட்டோம். பால் வாங்கப் போனாக்கூட போயிட்டு வரேன்தான்."

"பட் மா, இங்க ஐ வில் கம் பேக்னுதானே இருக்கு? டெக்ஸ்ட்ல இருக்கறத வச்சுத்தான் எழுதணும்."

"இங்கிலீஷ்ல வேற எப்படிப் போடுவாங்க? அதான் நான் சொல்றேன்ல."

"நீ சோர்ஸ் இல்லமா."

வெளியே இந்தியும் மராத்தியும் பேசிவிட்டு வருகிறவளிடம், வீட்டில் விடாமல் தமிழில் கத்தித் தொண்டை வறண்டவள் நான். நான் சோர்ஸ் இல்லையாம்.

அந்த வாக்கியத்தை மாற்றாமலே கொடுத்தாள். துணிச்சலான வாசிப்பு என்று பேராசிரியை பாராட்டி எழுதியிருந்தார். வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது அந்தக் கட்டுரையைத்தான் மாதிரியாக அனுப்பினாள். இடமும் கிடைத்தது. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நானே பேடா கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது.

கிளம்பும் அன்று பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

"போறேன்மா."

"வரேன்னு சொல்லுடி."

கொஞ்சம் யோசித்தாள். என்னைச் சீண்டவில்லை, அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"எப்ப வருவேன்னு எனக்கே தெரியலமா. சும்மா சொன்னா பொய்யாயிடும்ல?"

வண்டி கேட்டைத் தாண்டித் திரும்பியது. கதையில் வந்த மனைவிக்கு அந்தப் பொய்யாவது கிடைத்தது.