பிடித்தம் போக மீதி

சம்பளப் பிரிவில் உட்காருகிறவனுக்கு அடுத்தவர் கஷ்டம் மாதக் கடைசியில் தவறாமல் தெரிந்துவிடும். பாகூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் பில் போடுகிறவன் நான். மாதச் சம்பளக்காரர்களே, இதில் எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

ஜாமீன்

குருவிநத்தத்துத் தண்டபாணி அண்ணன் எங்கள் பியூன். கூட வேலைபார்த்த டிரைவர் சொசைட்டியில் கடன் வாங்கியபோது இவர்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். டிரைவர் திடீரென்று ஊரைவிட்டே போய்விட்டார். தவணையை அண்ணன் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தோம். நர்சிங் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் படிப்பை நிறுத்திவிட்டு, சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போனாள்.

ஒருநாள் அந்த டிரைவரின் மனைவி ஆபீசுக்கு வந்தார். புருஷனைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டார். அண்ணன் திட்டித் தீர்க்கப் போகிறார் என்று நாங்கள் எழுந்தே நின்றுவிட்டோம். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். ஏன் ஒன்றுமே கேட்கவில்லை என்றேன்.

"அந்தம்மாவாண்ட இன்னா சார் கேக்குறது? எனுக்காவது சம்பளம்னு ஒண்ணு வருது."

மாப்பிள்ளை

எங்கள் இளைய கிளார்க்குக்கு அபிஷேகப்பாக்கத்தில் பெண் பார்த்தார்கள். பையன் நேர்மையானவன். அப்பாவின் ஆபரேஷனுக்கும் அக்கா கல்யாணத்துக்கும் வாங்கிய கடன்களை மறைக்காமல், சம்பளச் சீட்டையே பெண்ணின் அப்பாவிடம் கொடுத்துவிட்டான். கரும்பு விவசாயியான அவர் மறுநாளே, சீட்டுப் போட்ட என் மேஜைக்கு வந்து, அதைத் திருப்பி வைத்தார்.

"கவர்மெண்டு வேலைன்னு வந்தோம். இதுக்கு எங்க கரும்பே தேவலாம்பா."

பென்ஷன்

செல்வியும் ராணியும் துப்புரவுப் பணியாளர்கள். தினக்கூலியாக ஒன்றாகச் சேர்ந்தவர்கள். ராணிக்கு வேலை முன்பே நிரந்தரமானது. செல்விக்குத் தாமதமானது, அதற்குள் பழைய பென்ஷன் திட்டம் போய்விட்டது. ஓய்வுபெற்ற பிறகு இருவரும் சேர்ந்தே வந்து, யாருக்கு எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். சொன்னேன். ராணி தலை குனிந்துகொண்டார். விதியை விளக்க நான் வாயெடுத்தேன். செல்வி விடவில்லை.

"அதே வராண்டாவத்தான் அவளும் பெருக்குனா, நானும் பெருக்குனேன். பென்ஷன் மட்டும் இன்னாத்துக்குப்பா வேற?"

மாதத்தின் கடைசி வேலைநாளில் சம்பளம் ஏறியதற்கு எங்கள் எல்லோர் போனும் ஒன்றாகச் சத்தமிடும், எடுத்துப் பார்ப்பதற்குள் தவணை போனதற்கும் சத்தமிட்டுவிடும்.