பதினாறு கிலோபைட்

மாத்தளை நகரில் உள்ள ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தின் கணினிகளை நான் பராமரித்து வருகிறேன். அதற்கு முன் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அன்று பிற்பகல் மூன்று மணியளவில் என்னை அழைத்தவர் அங்கே ஸ்கேன் எடுக்கும் பெண்.

"அண்ணே, தலை ஸ்கேன் ஒன்னு. இருபது நிமிசமாச்சு, படம் நகரவே மாட்டேங்குது. ஒடனே வாங்க."

இரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்த ஒருவரின் படம் அது. காலையில் விழுந்தவர் தானாக எழுந்து தேநீர் குடித்திருக்கிறார். மதியத்துக்குப் பிறகுதான் வாந்தியும் பேச்சில் குழறலும். படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய டொக்டர் கொழும்பில் இருந்தார். அவர் சொன்னால்தான் கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கைத்தொலைபேசியில் பிடித்து அனுப்பிய படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, முழுப் படமும் வேண்டும் என்று அவர் ஏற்கெனவே கூறிவிட்டார்.

நான் போனபோது விழுந்தவரின் மனைவி வாசலுக்கருகே நின்றிருந்தார். கணவரின் சட்டை அவர் கையில் மடித்தபடி இருந்தது.

"சேர், படம் போயிருச்சா?"

"போய்க்கிட்டு இருக்கும்மா. லைன் கொஞ்சம் ஸ்லோ."

உள்ளே ஸ்கேன் எடுக்கும் பெண் நாற்காலியை விட்டு எழுந்தார். "பேப்பர்ல பிழை புடிச்சதுதான ஒங்க பழைய வேல. இதையும் புடிங்க பாப்போம்."

வயரைப் பார்த்தேன், சரி. கட்டடத்துக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நொடியில் போனது. வேகச் சோதனையிலும் குறையில்லை. ஆனால் அந்தப் படம் மட்டும் விநாடிக்கு எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது கிலோபைட் என்று போய்க்கொண்டிருந்தது. பழுதான லைனில் வேகம் ஏறி இறங்கும். இது அசையவேயில்லை. அப்படியானால் இது பழுதல்ல. யாரோ போட்ட எல்லை.

ஒரு கணினி தரவை அனுப்பும்போது, வந்து சேர்ந்தது என்ற பதில் கிடைப்பதற்கு முன் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு இயங்குதளத்தில் ஓர் அளவு உண்டு. அந்த அமைப்புக் கோப்பைத் திறந்தேன். பதினாறு கிலோபைட் என்றிருந்தது. எழுதியவன் நான்.

பழைய செப்புக் கம்பி லைன் இருந்த காலத்தில், ஒரு படம் போனால் முன்மேசையின் பதிவு வேலை நின்றுவிடும். எல்லோருக்கும் லைன் கிடைக்கட்டும் என்று அந்த அளவை வைத்தேன். அப்போது படங்கள் போனது கொழும்புக்கு. பதில் உடனே வரும், அதனால் பெரிய பாதிப்பில்லை. பிறகு ஃபைபர் வந்தது. படங்களைச் சேமிக்கும் இடமும் வெளிநாட்டுக்கு மாறியது. இப்போது ஒவ்வொரு பதினாறு கிலோபைட்டுக்கும் கடல் கடந்து பதில் வரக் காத்திருந்தது கணினி. சின்னப் படங்கள் எப்படியோ போய்ச் சேர்ந்ததால் யாரும் முறையிடவில்லை.

"ஃபைபர் போட வந்தவங்க இதப் பாக்கலையா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் கணினியின் பக்கவாட்டைக் காட்டினார். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் 'தொட வேண்டாம்' என்று நான் ஒட்டிய தாள். "நீங்க ஒட்டுனதுதான? அதுக்குப் பயந்து நாங்க தூசிகூட தட்டுறதில்ல."

ஏன் தொடக்கூடாது என்று அதில் எழுதியிருக்கவில்லை. செய்தியில் 'ஏன்' விடுபட்டிருந்தால் செய்தியாளரிடமே திருப்பி அனுப்பியவன் நான்.

அளவை மாற்றினால் புதிய இணைப்புக்குத்தான் அது பொருந்தும். போய்க்கொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். நூற்றுக்கு நாற்பத்துநான்கு போயிருந்தது. படம் அனுப்பும் மென்பொருள் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அனுப்பும் என்பதால் சோதித்துப் பார்க்க வழியில்லை. என் கணிப்பு தவறென்றால் மறுபடியும் பூச்சியத்திலிருந்து இரண்டு மணி நேரம்.

"நிப்பாட்டவா?"

"அண்ணே, அந்தாளு வெளியில வாந்தி எடுக்குறாரு. எதையாவது செய்ங்க."

நிறுத்தினேன். அளவைப் பெரிதாக்கி மறுபடி அனுப்பினேன். நான்கு நிமிடத்துக்குள் முழுவதும் போய்விட்டது. சற்று நேரத்தில் கொழும்பிலிருந்து அழைப்பு: மூளையின் இடப்பக்கம் இரத்தம் கசிகிறது, உடனே கண்டிக்கு. அம்புலன்ஸ் புறப்பட்டபோது நாலு மணி தாண்டியிருந்தது. அன்று மாலையே அறுவைச் சிகிச்சை நடந்தது.

அவர் பிழைத்தார். வலது கை எழவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் போயிருந்தால் கை தப்பியிருக்குமா என்று கொழும்பு டொக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

இரண்டு மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு வந்தார்கள். மனைவியைத் தனியே அழைத்து, அன்று தாமதமானது லைனால் அல்ல, என் வேலையால் என்று சொன்னேன். அவர் கணவர் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவருகிட்ட சொல்லிறாதீங்க சேர். கம்பியூட்டர் சேர் வந்துதான் என் உசுரு பொழச்சதுன்னு லயம் பூரா வீடு வீடா சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. அந்த நெனப்புலதான் எந்திரிச்சு நடக்குறாரு."

கதவருகே கணவர் எனக்காகக் காத்திருந்தார். கை குலுக்க இடது கையை நீட்டினார். எந்தக் கையைக் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்று, நானும் இடது கையைக் கொடுத்தேன்.