ஹீலியத்துக்கு எந்தக் கூட்டம்?

பாசிக்குடா ஹோட்டலில் அறைகளைக் கூட்டித் துடைக்கும் பிரஷாந்திக்கு அங்குள்ள நீச்சல் தடாக வேலையின் மேல் வெகுநாளாக ஒரு கண். தண்ணீருக்குக் குளோரின் போட்டு, அளவு பார்த்து, தெளிவாக வைத்திருக்கும் வேலை அது. வெயிலில் நிற்க வேண்டும்தான், ஆனால் யாருடைய படுக்கை விரிப்பையும் உதற வேண்டியதில்லை. அந்த வேலை பார்த்தவன் கட்டாருக்குப் போனதும் நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

"அதுக்கு ஓ.எல். சோதனையில விஞ்ஞானம் பாஸ் பண்ணியிரிக்கணும். பாஸ் பண்ணிட்டு வாங்க, தாறன்" என்றார் முகாமையாளர் வினாயகமூர்த்தி. முப்பத்தாறு வயதுக்காரி இனி எங்கே படிக்கப் போகிறாள் என்ற தைரியம் அவருக்கு. அதுவரை தோட்டக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்.

அவளோ அந்த வாரமே கல்குடாவில் ரியூஷன் வகுப்பில் சேர்ந்தாள். பதினாறு வயதுப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! படிப்பித்த உதயரூபன் சேரே அவளைவிட இளையவர்.

சேர் ஒரு மூலகத்தின் பெயரைச் சொல்வார். ஒருவர் எழும்பிப் போய் அதன் இலத்திரன்களைக் கரும்பலகையில் சக்தி மட்டம் மட்டமாகப் பிரித்தெழுதி, கடைசி மட்டத்தில் இருப்பதை எண்ணி, ஆவர்த்தன அட்டவணையில் அது எந்தக் கூட்டம் என்று சொல்ல வேண்டும். குளோரின் வந்தபோது பிரஷாந்தி 2, 8, 7 என்று எழுதினாள். வெளியில் ஏழு, ஏழாம் கூட்டம். எட்டாக்க ஒன்று குறைவதால் கண்டதிடமிருந்தெல்லாம் பறிக்கும் என்றார் சேர். தடாகத்துக் கிருமி ஏன் தப்புவதில்லை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த கிழமை ஹீலியம். அதற்கு இருப்பதே இரண்டு இலத்திரன். இரண்டாம் கூட்டம் என்று எழுதினாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"அன்ரி, அது எட்டாம் கூட்டம்!"

"பறவாயில்ல, இரிங்க அக்கா" என்றார் சேர்.

அவள் கரும்பலகையை விட்டு நகரவில்லை. முகம் எரிந்தது.

"கடைசி மட்டத்தில இரிக்கிறத எண்ணச் சொன்னது நீங்கதானே சேர்? எண்ணினன், ரெண்டு. எட்டெண்டு சொன்ன ஆள் ஏனெண்டும் சொல்லட்டும்."

பிள்ளைகள் கொப்பிகளைப் புரட்டினார்கள். சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்துப் பாடமாக்கியவர்கள்தானே!

சேர் சோக்கை எடுத்தார். "முதலாம் மட்டம் ரெண்டோட நிரம்பிரும் அக்கா. நிரம்பினது ஒருத்தருக்கும் குடுக்காது, ஒருத்தருட்டயும் வாங்காது. நியோன், ஆகனுக்கும் அதே குணம். அதால அதுகளோட எட்டாம் கூட்டத்தில வச்சிரிக்கு. மத்ததுகளுக்கு எண்ணினாப் போதும். இத நான் முந்தியே சொல்லியிரிக்கணும்."

"இப்ப சரி" என்று எழுதியதை அழித்துத் திருத்திவிட்டுத்தான் பிரஷாந்தி தன் இடத்தில் போய் இருந்தாள்.

சோதனையில் விஞ்ஞானத்துக்கு 'சி' தரத்தில் பாஸ் வந்தது. பெறுபேற்றுத் தாளோடு வினாயகமூர்த்தியின் முன் நின்றாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கெட்டித்தனம்தான். ஆனா குளோரின் வாளி சரியான பாரம். பொம்புளைக்குச் சரிவராது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வருடம் ஈர விரிப்புகளைக் கட்டுக் கட்டாக மாடியால் இறக்கியவள்! அப்போதெல்லாம் ஒருவருக்கும் பாரம் தெரியவில்லை.

"பாஸ் பண்ணச் சொன்னீங்க, பண்ணிட்டன். இனிப் புதுசா ஒண்டும் கேக்கேலாது சேர்."

களஞ்சிய அறைக்குப் போய்க் குளோரின் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் தடாகத்துக்குப் போகும் வாசலை மறித்தபடி நின்றார்.

"விலகுங்க, தண்ணி கலங்கிக் கிடக்கு" என்றாள்.

அவர் விலகினார்.