அடைக்கக் கூடாத துளை

குளிர்காலம் தொடங்கினால், காலையில் எழும்பியதும் சுவரின் அடியில் இருக்கிற துளைக்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்துப் பார்ப்பேன். காற்று சில்லென்று கையில் அடித்தால்தான் மனம் ஆறும். அதற்குப் பிறகே அடுப்புக்கு விறகு வைப்பேன். காசைக் கொட்டி விறகு வாங்கி வீட்டைச் சூடாக்குவதும், அதே வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டுக் குளிரை உள்ளே விடுவதும் இந்த நாட்டு வழக்கம். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். வந்த புதிதில் நானும் சிரித்தவன்தான்.

பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு உள்முற்றத்தில் இருக்கிறோம். முன்பு பட்டறையாக இருந்த ஒற்றை அறை. மூலையில் ஒரு இரும்பு விறகடுப்பு, 'புவால்' என்பார்கள். அதை விட்டால் வேறு சூடு கிடையாது. புறநகரான சார்செலில் அரசாங்க மாடிவீடு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறோம், கிடைக்கிறபோது கிடைக்கட்டும். இந்தக் குளிருக்கு என் மனைவி வசந்தியின் அம்மா, மாமி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறார். வசந்திக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது. முதல் பிள்ளையின்போது மாமிக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் அவர் தொலைபேசியிலேயே பிள்ளைப்பேறு பார்த்தார்.

"பச்சை உடம்பு தம்பி, காத்துப் படப்படாது. ஓட்டை கீட்டை இருந்தால் அடைச்சுப் போடுங்கோ. முழுகினால் தணல் போட்டுச் சாம்பிராணிப் புகை பிடிக்கச் சொல்லுங்கோ."

அவர் சொன்னபடியே அப்போது பழைய சேலையொன்றைச் சுருட்டித் துளைக்குள் நான்தான் திணித்தேன். மறுநாள், முற்றத்தின் எதிர்ப்பக்கத்தில் குடியிருக்கிற வயதான பிரெஞ்சு மதாம் கதவைத் தட்டினார். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சேலை நுனியைக் காட்டி, "நோன், நோன்" என்று கையை ஆட்டி ஏதேதோ வேகமாகச் சொன்னார். என்னுடையது சமையலறைப் பிரெஞ்சு, பாதிதான் பிடிபடும். எங்கள் துணி வெளியே தொங்குவது இவருக்கு அசிங்கமாக இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். "பார்தோன் மதாம்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, நுனி வெளியே தெரியாதபடி சேலையை உள்ளே இழுத்து இன்னும் இறுக்கி அடைத்தேன். துளையை அடைக்காதே என்றுதான் அவர் சொன்னார் என்பது பிறகுதான் புரிந்தது.

அன்று மத்தியானம் வசந்தி முழுகினாள். புவாலிலிருந்து தணலை அள்ளி மண்சட்டியில் போட்டு, சாம்பிராணி தூவித் தலையைக் காயவைத்தாள். புகை அடங்கிய பிறகும் சூட்டுக்காகச் சட்டியைக் கட்டிலடியில் விட்டுவிட்டுப் பிள்ளையோடு படுத்தாள். நான் வேலையால் வந்து கதவைத் தள்ளியபோது அது அவள் உடம்பில் இடித்து நின்றது. கதவு வரை தவழ்ந்து வந்து விழுந்திருக்கிறாள். என் கூச்சல் கேட்டு 'பொம்பியே' என்கிற தீயணைப்புப் படையைக் கூப்பிட்டது அதே மதாம்தான். வசந்தியை மீட்டார்கள். பிள்ளையை மீட்க முடியவில்லை.

எரிகிற அடுப்பிலும் தணலிலும் வருகிற நஞ்சுக்காற்று, மணமும் இல்லை நிறமும் இல்லை, அடைத்த அறையில் தேங்கிவிடும் என்று வைத்தியர் சொன்னார். நெருப்பில்லாமல் புகையாது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். புகையில்லாமலும் நெருப்பு கொல்லும் என்று எங்களுக்கு யார் சொன்னது? ஊரில் தணல் சட்டி வைத்த அறைகளில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே எப்போதும் காற்று போய்வந்தது. அதை ஒரு காவலாக யாரும் எண்ணியதில்லை. சட்டி மட்டும் எங்களோடு கடல் கடந்து வந்துவிட்டது.

மாமிக்கு நாங்கள் உண்மையைச் சொல்லவில்லை. தான் சொன்ன தணல்தான் பேரப்பிள்ளையைக் கொண்டுபோனது என்று தெரிந்தால் அந்த மனுஷி உயிரோடு இருக்க மாட்டார். "குளிர் பட்டிட்டுது அம்மா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி தொலைபேசியில் வசந்தி சொன்னாள். அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு மாமி இப்போது இங்கே வந்திருக்கிறார். வீட்டில் தணல் சட்டி கூடாதென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று கூறித் தப்பிவிட்டோம். துளைக்கு என்ன சொல்வது?

நேற்றுக் காலை துளைக்கு முன்னால் கையைப் பிடித்தேன், காற்றைக் காணவில்லை. மாமி தன் சேலையொன்றை மடித்து அடைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே வசந்தி பாய்ந்து வந்து அதைப் பிடுங்கி எறிந்தாள்.

"உனக்கென்ன விசரே? மூத்ததைக் காத்துக்குக் குடுத்தது காணாதே?" என்றார் மாமி.

வசந்தி வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இஞ்சை சட்டம் அப்பிடி அம்மா. அடைச்சால் வீட்டை விட்டு எழுப்பிப் போடுவாங்கள்" என்றாள்.

"பிள்ளையளைக் கொல்லவும் ஒரு சட்டமோ? நாசமாய்ப் போன நாடு."

எங்கள் இரண்டாவது பிள்ளை மூச்சு விடுவது இந்த நாட்டுக்காரர் போட்ட அந்தத் துளையால்தான். இருந்தும் மாமியின் திட்டை இந்த நாட்டின் தலையிலேயே விழவிட்டோம்.

குளிர் பிள்ளைமேல் நேரே அடிக்காதபடி, வசந்தி அதை மடியில் வைத்துக்கொண்டு, துளைக்குச் சற்றுத் தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மாமி முனகிக்கொண்டே தன் சால்வையை எடுத்து மகளின் முதுகில் போர்த்திவிட்டார். சால்வையின் கரை காற்றில் அசைகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.